விசிறி

இருபத்திரண்டு நாற்காலி.
வடக்குமாசி வீதி, டைப்ரைட்டிங் பள்ளி மாடி.
ஞாயிறு ஆறு மணிக்கு மெஷின்களுக்கு உறை போட்டு
சுவரோரம் தள்ளிவிட்டு
ஜெபக்கனி பாடுவாள்.
ஒரு கிட்டார். மைக் கிடையாது.
பாட்டெல்லாம் அவளே எழுதியது,
இன்சூரன்ஸ் ஆபீசில் வீணான படிவங்களின் பின்பக்கத்தில்.

ஒன்பது ஞாயிறு போயிருக்கிறேன்.
பத்தாவதுக்கு டூட்டி மாற்ற மறுத்த பால்பாண்டிக்கு
மூன்று நைட் ஷிப்ட் கொடுத்து ஈடுகட்டினேன்.
லேப்பில் ரத்தச் சாம்பிள்கள் சுழலும் இரைச்சலுக்குள்
அவள் ஐந்தாவது தந்தியைத் தேடுவேன்:
எப்போதும் ஒரு மயிரிழை இறங்கியே இருக்கும்,
மதுரைப் புழுக்கத்தில் இன்னும் இறங்கும்.
அவள் திருகுவாள். காத்திருப்போம்.
காத்திருப்பதும் பாட்டுதான் என்று
பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னேன்.
அவர் கீழே டீக்கடையில் உட்கார இடமில்லாமல்
மேலே வந்தவர்.

எனக்குப் பிடித்தது பஸ் பாட்டு.
மூன்றாவது ஞாயிறு போனில் பதிந்தேன்.
தலைக்கு மேல் மின்விசிறி
கடக் கடக் என்று கூடவே தாளம் போடுகிறது.
அதன் நடுவில் அவள்:

மாட்டுத்தாவணியில் கடைசி மேலூர் வண்டி,
உன்னிடம் சொல்லாமல் உறங்கிப்போனேன்.
நடந்த தூரத்துக்கு டிக்கெட் இல்லை.

இதை யாரிடமெல்லாம் சொன்னேன்!
ஊசிக்குப் பயந்து கையை இழுத்துக்கொண்டவரிடம்
"ஒரு பாட்டு இருக்கு சார்" என்று ஆரம்பித்து
மூன்றாம் வரி முடிவதற்குள் நரம்பைப் பிடித்திருக்கிறேன்.
சும்மா இல்லை.
ஒத்தக்கடையில் இறங்க வேண்டிய நான்
ஷிப்ட் முடிந்த அசதியில் எத்தனை இரவு
மேலூரில் கண் விழித்தேன்.
தோளைத் தட்டுவார் கண்டக்டர்:
"வீடு இங்கிட்டா, அங்கிட்டா?"
அந்த நடையெல்லாம் நடந்தவன் நான்.
என்னைத்தான் எழுதியிருக்கிறாள் என்று
ஒரு நாள்கூட சந்தேகப்பட்டதில்லை.

பத்தாவது ஞாயிறு.
"விசிறியை நிறுத்திருங்க" என்றாள்.
நின்றது.
நான் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தேன்.

பஸ் பாட்டின் நடுவில் அவளுக்கு மறந்துவிட்டது.
விரல்கள் அதே இடத்தை வளைய வருகின்றன,
"உன்னிடம் சொல்லாமல்...
சொல்லாமல்..."
எல்லோரும் தரையைப் பார்க்கிறோம்.
யாரோ "உறங்கிப்போனேன்" என்றார்கள்.
என் குரல்.

நிமிர்ந்தாள்.
புருவம் சுருங்கியது,
சில்லறை குறைகிற மாதிரி ஒரு பார்வை.
பிறகு அதையே பாடினாள்.
டிக்கெட் வரியைப் பாடவில்லை.
தந்தியை மட்டும் மீட்டி முடித்தாள்.
முதலில் கை தட்டியவன் நான்.

நாற்காலி அடுக்கும்போது பார்த்தேன்.
திறந்து கிடந்த கிட்டார் பெட்டியில்
மங்கிய பச்சைப் படிவம்,
உருண்டையான எழுத்து:
உன்னிடம் சொல்லாமல் இறங்கிப்போனேன்.

இறங்கி.
விட்டுப் போனவள் பாட்டு அது.
ஒன்பது ஞாயிறு, உட்கார்ந்து, கண் மூடி,
தலையாட்டி, ஒரு 'இ' கேட்கவில்லை எனக்கு.
தூங்குமூஞ்சி ஒருவனை ஏற்றிவிட்டிருக்கிறேன்
அவள் வண்டியில்.

இரண்டு ஞாயிறு போகவில்லை.
பால்பாண்டிதான் கேட்டார், உடம்புக்கு என்ன என்று.

மூன்றாவது ஞாயிறு கடைசி வரிசை, தூணுக்குப் பின்னால்.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
பஸ் பாட்டு வந்தது.
உறங்கிப்போனேன் என்றாள், தயங்காமல்.
அதோடு நிற்கவில்லை, புதிதாக நாலு வரி:
உறங்கினவள் எங்காவது விழிக்க வேண்டுமே.
மேலூரில் விழிக்கிறாள்.
யாரோ தோளைத் தட்டுகிறார்கள்.
வீடு எந்தப் பக்கம் என்று கேட்கிறார்கள்.

சத்தியமாக நான் சொல்லவில்லை.
இதுவரை அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை,
அந்த ஒரு வார்த்தையைத் தவிர.

அன்று கடைசி வண்டியில் ஜன்னலோரம் கிடைத்தது.
கண் கொட்டவில்லை.
யானைமலை இருட்டாக வந்தது, கூடவே நகர்ந்தது.
"ஒத்தக்கடை, ஒத்தக்கடை" என்று
கண்டக்டர் என்னைப் பார்த்தே கத்தினார்.

இறங்கவில்லை.